கோள்கள் எட்டா, ஒன்பதா?

ஆண்டிபட்டிப் பக்கம் வருகிறவர்கள் வைகை அணையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட இந்த அணையில் 71 அடிக்கு நீர் நிற்கும் நாள்களில், எதிர்க்கரை எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரியும். வடக்கே பழனி மலைத்தொடர். தெற்கே வருசநாட்டு மலைகள். நடுவில் அகன்ற வானம். இயற்பியல் மாணவர்கள் சிலரை ஒரு மாலை அங்கே அழைத்துப் போயிருந்தேன். இருட்டத் தொடங்கியதும் கிழக்கே வியாழன் எழுந்தது. அதைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்:

"சார், எங்க அப்பா படிச்சப்போ கிரகம் ஒன்பது. நான் படிச்சப்போ எட்டு. என் தம்பி பிள்ளை படிக்கும்போது எத்தனைன்னு சொல்வீங்க? இப்படி மாத்திக்கிட்டே இருந்தா எதைத்தான் சார் நம்புறது?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியில் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 2006-ஆம் ஆண்டு நான் பள்ளி மாணவன். புளூட்டோ இனிக் கோள் அல்ல என்ற செய்தியை ஆகஸ்டு மாதக் கடைசியில் நாளிதழில் படித்தேன். சில வாரங்கள் கழித்து நடந்த ஒரு வினாடி வினாப் போட்டியில் "சூரியனைச் சுற்றும் கோள்கள் எத்தனை?" என்று கேட்டிருந்தார்கள். எட்டு என்று எழுதினேன். விடைத்தாளில் ஒன்பது என்று இருந்தது. ஒரு மதிப்பெண் போயிற்று. அதனோடு பரிசும் போயிற்று. பல நாள் அதை எண்ணி வருந்தினேன். இன்று நினைத்துப் பார்த்தால் வேறொன்று புரிகிறது. எட்டு என்று எழுதிய எனக்கும் அது ஏன் எட்டு என்று தெரியாது. ஒன்பது என்று திருத்தியவருக்கும் அது ஏன் ஒன்பது என்று தெரியாது. இருவரும் எண்ணைத்தான் மனப்பாடம் செய்திருந்தோம்.

வாசகர்களே, அந்த "ஏன்" என்ற கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். அதற்கான விடையில் ஒரு பகுதி நம் சென்னையிலேயே கிடைத்தது என்பதையும் பார்ப்போம்.

பட்டியல் மாறுவது புதிதல்ல

தேனி மாவட்டத்துக் குச்சனூரில் சனீஸ்வரர் கோயில் இருப்பது பலருக்கும் தெரியும். கோயில்களில் நவக்கிரகங்களை வலம் வரும்போது எண்ணிப் பாருங்கள்: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, ராகு, கேது. இந்த ஒன்பதில் சூரியனும் சந்திரனும் உண்டு. நாம் நிற்கும் பூமி இல்லை. பழைய கிரேக்கர்களின் பட்டியலிலும் இப்படித்தான். நிலையான விண்மீன்களுக்கிடையே இடம் மாறி அலைவது எதுவோ அதுவே அவர்களுக்குக் கோள். அந்த இலக்கணப்படி சூரியனும் சந்திரனும் கோள்களே. அலையாமல் காலடியில் கிடக்கும் பூமி கோள் அன்று.

1543-இல் கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்தது. சூரியனைச் சுற்றுவதே கோள் என்ற கருத்து அதன்பின் மெல்ல நிலைபெற்றது. சூரியன் பட்டியலிலிருந்து இறங்கியது. சந்திரன் பூமியின் துணைக்கோள் ஆயிற்று. பூமி பட்டியலில் ஏறியது. வானத்தில் எதுவும் இடம் மாறிவிடவில்லை. நம் அறிவு வளர்ந்தது. சொல்லின் பொருள் அதற்கேற்ப மாறியது. புளூட்டோவுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆனால் புளூட்டோவுக்கு முன்னால் இன்னொன்று இதே வழியில் போயிருக்கிறது.

கோளாகப் பிறந்த சீரஸ்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பது வானநூலாரை வெகுநாள் உறுத்தியது. அங்கே ஒரு கோள் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். 1801-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாஸி என்பவர் அந்த இடைவெளியில் ஒரு பொருளைக் கண்டார். அதற்குச் சீரஸ் என்று பெயரிட்டார். காணாமற்போன கோள் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தனர்.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. 1802-இல் பாலஸ், 1804-இல் ஜூனோ, 1807-இல் வெஸ்டா என்று அதே பகுதியில் மேலும் மூன்று கிடைத்தன. ஒரு கோள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு! ஆனாலும் அந்நாளைய பாடநூல்கள் இந்த நான்கையும் சேர்த்துக் கோள்கள் பதினொன்று என்றே சொல்லி வந்தன. 1845-க்குப் பின் புதியவை வரிசையாகக் கிடைக்கத் தொடங்கின. 1860-க்குள் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது. அத்தனையையும் கோள் என்று அழைக்க முடியுமா? இல்லை, இவை வேறொரு கூட்டம் என்று வானநூலார் உணர்ந்தனர். "சிறுகோள்கள்" என்று தனி வகை வகுத்து, சீரஸையும் அதில் சேர்த்தனர்.

நுங்கம்பாக்கத்தில் கண்ட சிறுகோள்கள்

அந்தச் சமயத்தில்தான் சென்னை இந்தக் கதைக்குள் வருகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டி முடிக்கப்பட்ட வானாய்வு நிலையம் ஒன்று இருந்தது. அங்கே நின்ற கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது. அதன் கல்வெட்டில் தமிழும் உண்டு. 1861-இல் நார்மன் ராபர்ட் போக்ஸன் என்ற ஆங்கிலேயர் அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். விண்மீன்களின் ஒளியை அளக்க நாம் இன்றும் பயன்படுத்தும் அளவுமுறையை 1856-இல் வகுத்தவர் இவரே. முதல் தர விண்மீன் ஆறாம் தர விண்மீனைவிட 100 மடங்கு ஒளி மிக்கது என்பது அவர் போட்ட கணக்கு.

சென்னைக்கு வந்த அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் போக்ஸன் ஒரு புதிய சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. ஆகவே அதற்கு "ஆசியா" என்றே பெயர் வைத்தார். சிறுகோள்களின் வரிசையில் அதன் எண் 67.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிறுகோளும் தொலைநோக்கியில் விண்மீனைப்போல ஒரு புள்ளியாகத்தான் தெரியும். வைகை அணையின் எதிர்க்கரையில் இரவில் நூறு விளக்குகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே நீரில் ஒரு பரிசல். அதிலும் ஒரு விளக்கு. ஒரு பார்வையில் எது கரை விளக்கு, எது பரிசல் விளக்கு என்று சொல்ல முடியாது. விளக்குகளின் இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அரைமணி கழித்து மறுபடி பாருங்கள். இடம் மாறியது எதுவோ அதுவே பரிசல். போக்ஸன் செய்ததும் இதுவே. விண்மீன் படத்தோடு வானத்தைப் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, மறு இரவும் ஒப்பிட வேண்டும். புகைப்படத் தட்டுகள் வராத காலம். கண்ணும் பொறுமையுமே கருவிகள்.

சென்னையிலிருந்து போக்ஸன் கண்ட சிறுகோள்கள் ஐந்து: ஆசியா (1861), சாப்போ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885). அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்து சென்றபோது அந்நிகழ்ச்சியை நம் நாட்டு மக்களுக்கு விளக்க நூலும் எழுதினார். போக்ஸனின் மகள் எலிசபெத் ஐசிஸ் 1873 முதல் அங்கே உதவியாளராக உழைத்தார்.

1899-இல் வானாய்வுப் பணி சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. தெளிந்த நாளில் அந்த மலையூரிலிருந்து பார்த்தால் நம் வைகை அணையின் நீர்ப்பரப்பு பளபளப்பது தெரியும். கொடைக்கானலில் சூரிய ஆய்வு வேரூன்றியது. இரவு வானத்தை ஆராய ஜவ்வாது மலையில் காவலூர் நிலையம் பின்னர் எழுந்தது. அங்கே 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் கண்ட சிறுகோளுக்கு, கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. அதன் எண் 4130. போக்ஸனின் 67 எங்கே, இந்த 4130 எங்கே! இன்று அறியப்பட்ட சிறுகோள்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

கம்பம் பள்ளத்தாக்கில் சூரிய குடும்பம்

இவற்றின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு மாதிரி செய்து பார்ப்போம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சுமார் 15 கோடி கிலோமீட்டரை ஒரே ஒரு கிலோமீட்டர் என்று சுருக்குவோம். சூரியனை வைகை அணையில் வைப்போம். அது மூன்று மாடி வீட்டின் உயரமுள்ள ஓர் உருண்டையாக, 9.3 மீட்டர் விட்டத்தில் இருக்கும்.

அங்கிருந்து ஒரு கிலோமீட்டரில் பூமி, 8.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய சாத்துக்குடி. அதன் அருகே நிலவு ஒரு நெல்லிக்காய். 5.2 கிலோமீட்டரில் வியாழன், ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள பெரிய அண்டாவைப்போல. இரண்டுக்கும் நடுவே, 2.8 கிலோமீட்டரில் சீரஸ். அது ஒரு மிளகு. போக்ஸன் கண்ட சில்வியா ஒரு கடுகு. ஆசியாவோ ஒரு மணல் துகள்!

இனி நேர்கோட்டில் தென்மேற்கே போவோம். சின்னமனூரை எட்டுவதற்குச் சற்று முன்பு, 30 கிலோமீட்டரில் நெப்டியூன். உத்தமபாளையத்தை ஒட்டி, சராசரியாக 39.5 கிலோமீட்டரில் புளூட்டோ. அதன் அளவு என்ன தெரியுமா? அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தொங்கும் பன்னீர் திராட்சையில் ஒன்று. நிலவாகிய நெல்லிக்காயைவிடச் சிறிது. அதன் பாதை நீள்வட்டம். ஆகவே தொலைவில் கம்பம்வரை போகும், அருகில் வரும்போது நெப்டியூனின் தூரத்துக்கும் உள்ளே நுழைந்துவிடும். 1979 முதல் 1999 வரை அப்படி உள்ளேதான் இருந்தது.

புளூட்டோவின் வீழ்ச்சி

புளூட்டோவை 1930-இல் அமெரிக்காவில் கிளைட் டாம்பா கண்டுபிடித்தார். அது பூமியை ஒத்த பெரிய கோளாக இருக்கும் என்று முதலில் எண்ணினர். அளவைகள் செம்மையாக ஆக, அதன் நிறை குறைந்துகொண்டே வந்தது. 1978-இல் அதன் துணைக்கோள் சாரன் கண்டுபிடிக்கப்பட்டது. துணைக்கோள் சுற்றும் வேகத்தைக் கொண்டு தாய்க்கோளின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். புளூட்டோவின் நிறை நம் நிலவின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்தது.

1992-இல் ஜூவிட், லூ என்ற இருவர் நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு சிறிய பொருளைக் கண்டனர். பிறகு நூற்றுக்கணக்கில் வந்தன. 2005-இல் கிடைத்த ஈரிஸ், புளூட்டோவை ஒத்த விட்டமும் அதைவிடக் கூடுதலான நிறையும் உடையது. இப்போது வானநூலார் முன்னால் இரண்டே வழிகள். ஒன்று, ஈரிஸைப் பத்தாம் கோளாக்கி, இனி வரும் ஒவ்வொன்றையும் சேர்த்துக்கொண்டே போவது. மற்றொன்று, சீரஸுக்குச் செய்ததைப் புளூட்டோவுக்கும் செய்வது.

2006 ஆகஸ்டு 24 அன்று பிராகா நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. கோளுக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது:

1. அது சூரியனைச் சுற்ற வேண்டும்.
2. தன் ஈர்ப்பினாலேயே உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு நிறை உடையதாக இருக்க வேண்டும்.
3. தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்திருக்க வேண்டும்.

முதல் இரண்டும் இருந்து, மூன்றாவது இல்லாமல், வேறொன்றின் துணைக்கோளாகவும் இல்லாதது "குறுங்கோள்". ஒன்றியம் இதுவரை ஏற்ற குறுங்கோள்கள் ஐந்து: சீரஸ், புளூட்டோ, ஈரிஸ், ஹௌமியா, மேக்மேக்.

சென்னைச் சிறுகோள்கள் எழுதும் தேர்வு

"புளூட்டோவுக்குத் துணைக்கோள்கள் ஐந்து இருக்கின்றனவே, அது எப்படிக் கோள் ஆகாது?" என்று பலர் கேட்பதுண்டு. இதற்கு விடை சொல்லப் போக்ஸனின் சில்வியாவை அழைப்போம். அதற்கும் இரண்டு துணைக்கோள்கள் உண்டு. ரோமுலஸ், ரீமஸ் என்று பெயர். இரண்டு துணைக்கோள்கள் உடையதாக முதன்முதல் அறியப்பட்ட சிறுகோள் அதுவே. கமில்லாவுக்கும் இரண்டு. நுங்கம்பாக்கத்தில் கண்ட கடுகுகளுக்கும் துணை உண்டு என்றால், துணைக்கோளை வைத்துக் கோளை அடையாளம் காண முடியாது என்பது விளங்குகிறதல்லவா?

சில்வியா தோற்பது இரண்டாம் நிபந்தனையில். அதன் சராசரி விட்டம் சுமார் 270 கிலோமீட்டர், வடிவம் உருளைக்கிழங்கு. ஆற்றில் கிடக்கும் ஒரு கல் எந்த வடிவிலும் இருக்கலாம். அதன் ஈர்ப்பு அதன் உறுதியை வெல்லாது. பொருள் பெரிதாகப் பெரிதாக ஈர்ப்பின் கை ஓங்கும். மேடுகளைக் கீழே இழுத்து, பள்ளங்களை நிரப்பி, எல்லாத் திசையிலும் ஒருசீராக்கப் பார்க்கும். சுமார் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள சீரஸில் ஈர்ப்பு வென்றுவிட்டது. ஆகவே அது உருண்டை. ஆகவே அது குறுங்கோள்.

சீரஸும் புளூட்டோவும் தோற்பது மூன்றாவதில். இதை விளக்க நம் வைகையே போதும். வருசநாட்டு மலையில் பிறந்து வரும் வைகை, சுருளியாற்றையும், கொட்டகுடி ஆற்றையும், வராக நதியையும் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் விழும் நீருக்கெல்லாம் அது ஒன்றே போக்கு. கோளும் அப்படித்தான். தன் பாதையருகே வந்தவற்றை விழுங்கும், அல்லது தூக்கி எறியும், அல்லது தன் கட்டுக்குள் வைக்கும். நெப்டியூன் சூரியனை மூன்று முறை சுற்றும்போது புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. அந்தத் தாளக்கட்டினால்தான் பாதைகள் நெருங்கினாலும் இரண்டும் ஒருபோதும் மோதுவதில்லை. ஆட்டி வைப்பது நெப்டியூன்; ஆடுவது புளூட்டோ.

சிறுகோள்கள் இருக்கும் இடமோ, மழைக்குப்பின் மேட்டு நிலத்தில் ஆங்காங்கே தேங்கிய குட்டைகளைப் போன்றது. ஒன்று மற்றதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பக்கத்திலிருக்கும் வியாழனின் ஈர்ப்பு அவற்றை ஓயாமல் கலக்கிவிட்டது. மோதும்போது ஒட்டுவதற்கு மாறாக உடைந்தன. அங்கே எஞ்சியிருக்கும் அத்தனையையும் ஒன்றாகப் பிசைந்தாலும் நிலவின் நிறையில் 100-இல் 3 பங்குதான் தேறும்.

கோடு கிழித்தது யார்?

"துப்புரவு என்பதற்கு அளவு என்ன? மனம்போலக் கோடு கிழித்துவிட்டார்கள்" என்று சில விஞ்ஞானிகள் இன்றும் குறை கூறுகிறார்கள். உருண்டையாக இருந்தால் போதும், அது கோளே என்பது அவர்கள் கட்சி. அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அனுப்பிய படங்களில் பனிமலைகளும் உறைந்த நைட்ரஜன் சமவெளியுமாகப் புளூட்டோ ஓர் உயிர்ப்புள்ள உலகமாகவே தெரிந்தது.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஸ்டீவன் சோட்டர் என்ற வானநூலார் ஒவ்வொன்றின் நிறையையும், அதன் பாதையருகே உள்ள மற்றவற்றின் மொத்த நிறையோடு ஒப்பிட்டார். பூமி தன் அண்டைப் பொருள்களைப்போலச் சுமார் 17 லட்சம் மடங்கு. எட்டில் மிகவும் பின்தங்கிய செவ்வாயும் சுமார் 5,000 மடங்கு. அடுத்து வரும் சீரஸ்? மூன்றில் ஒரு பங்கு. புளூட்டோ? பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 5,000-க்கும் ஒன்றுக்கும் இடையே எதுவுமே இல்லை! கோட்டைக் கிழித்தது மனிதர்தாம். ஆனால் அவர்கள் கிழித்த இடத்தில் இயற்கை முன்பே ஒரு பெரிய பள்ளத்தை வெட்டி வைத்திருந்தது.

எதை நம்புவது?

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். அவளிடம் நான் சொன்னது இதுதான்:

"அம்மா, பெயரை நம்பாதே, அளவையை நம்பு. 1861-இல் போக்ஸன் சென்னையில் கண்ட ஆசியா, சூரியனைச் சுற்ற மூன்றே முக்கால் ஆண்டு எடுத்துக்கொள்கிறது. அன்று முதல் நாற்பது முறைக்கு மேல் சுற்றிவிட்டது. இன்று இரவு அது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, அங்கே தொலைநோக்கியைத் திருப்பினால், அங்கே இருக்கிறது. அதைக் கோள் என்றாலும், சிறுகோள் என்றாலும், வேறு என்ன சொன்னாலும் அந்த இடம் மாறாது. புளூட்டோவின் பெயர் மாறியது நமக்குத் தெரிந்தது குறைந்ததால் அல்ல, கூடியதால். உன் தம்பி பிள்ளையின் புத்தகத்தில் வேறு எண் இருந்தால், ஏன் மாறிற்று என்று கேட்கச் சொல். காரணம் சொல்ல முடிந்தால் ஏற்றுக்கொள்ளலாம்."

அவள் தலையாட்டினாள். ஒத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. ஆனால் மறு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். வியாழனையும் அதைச் சுற்றியுள்ள விண்மீன்களையும் ஐந்து இரவுகள் பார்த்துப் புள்ளியிட்டிருந்தாள். ஐந்து நாளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஒரு மாதம் விடாமல் செய் என்றேன்.

நீங்களும் செய்து பாருங்கள். தொலைநோக்கி வேண்டாம்; மொட்டை மாடியும் ஒரு தாளும் போதும். பிரகாசமான ஒரு கோளைத் தேர்ந்து, வாரம் இருமுறை அதன் இடத்தை அருகிலுள்ள விண்மீன்களோடு சேர்த்துக் குறியுங்கள். சில வாரங்களில், விண்மீன்கள் அப்படியே இருக்க, உங்கள் புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். நுங்கம்பாக்கத்தில் போக்ஸன் கண்டதை அன்று நீங்களும் காண்பீர்கள்.